பழைய டெஸ்க்டாப்பில் அதிவேக எஸ்எஸ்டி போடலாமா? வாங்கும் முன் மதர்போர்டைப் பாருங்கள்

வீட்டு மூலையில் பத்துப் பன்னிரண்டு வருடமாக ஒரு டெஸ்க்டாப் இருக்கிறது. பவர் பட்டனை அமுக்கிவிட்டு காபி போடப் போனால், திரும்பி வரும்போதும் திரையில் அந்தப் புள்ளிகள் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். 'தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடலாமா' என்ற பேச்சு மாதம் ஒருமுறை வரும். அதே நேரத்தில் ஏதோ ஒரு தள்ளுபடி விற்பனையில், நொடிக்கு 7,000 எம்பி வேகம் என்று ஒரு எஸ்எஸ்டி கண்ணில் படுகிறது. கையும் கார்ட் பட்டன் பக்கம் போகிறது.

கொஞ்சம் பொறுங்க. எஸ்எஸ்டி போட்டால் அந்தப் பழைய கணினி நன்றாகவே ஓடும். ஆனால் அதற்கு 7,000 தேவையில்லை. சில போர்டுகளில் அந்த எஸ்எஸ்டியிலிருந்து விண்டோஸ் பூட்டே ஆகாது.

ஸ்லோவா இருப்பது எது?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் வரும். கணினி திணறும் நேரத்தில் அதைப் பாருங்கள். டிஸ்க் என்ற இடத்தில் 100 சதவீதம் என்று சிவந்து நின்றால், கோளாறு ஹார்ட் டிஸ்க்கில்தான். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை. ரேம் தீரும்போது விண்டோஸ் டிஸ்க்கையே ரேம் மாதிரி பயன்படுத்தும் என்பதால், சில கணினிகளில் இரண்டுமே நிரம்பி நிற்கும். 4 ஜிபி வைத்திருப்பவர்கள் எஸ்எஸ்டியோடு சேர்த்து 8 ஜிபி ஆக்கிக்கொள்வது நல்லது.

ஹார்ட் டிஸ்க் ஏன் இப்படித் திணறுகிறது? உள்ளே தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. அப்படியானால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட். படிக்கும் முனை சரியான இடத்துக்கு நகர வேண்டும், தேவையான பகுதி சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். சிதறிக் கிடக்கும் ஒரு சின்ன ஃபைலைத் தொட சராசரியாக 12 மில்லிசெகண்ட் போய்விடும். கணக்குப் போட்டால் நொடிக்கு 80 முறைதான் படிக்க முடியும். விண்டோஸ் எழுந்து நிற்க ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளைப் படிக்கிறது. உங்கள் காபி ஆறுவது அங்கேதான்.

எஸ்எஸ்டியில் சுற்றுவது எதுவும் இல்லை. சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே இதே வேலையை நொடிக்குப் பல ஆயிரம் முறை செய்யும். விலை கூடிய என்விஎம்இ எஸ்எஸ்டி அதைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு செய்யலாம். எண்பதிலிருந்து பல ஆயிரத்துக்குப் போகும் தாவலை உங்கள் விரல் உணரும். அதற்கு மேல் இரண்டு மடங்கானால், பிரவுசரும் எக்செலும் திறக்கும் வேலையில் பெரிதாகத் தெரியாது. பெட்டியின் மேல் போட்டிருக்கும் 7,000 என்பது ஒரே பெரிய ஃபைலை வரிசையாகப் படிக்கும் வேகம். 4கே வீடியோ எடிட்டிங், பெரிய டேட்டாசெட், வர்ச்சுவல் மெஷின் என்று வேலை செய்பவர்களுக்கு அது உதவும். மற்றவர்களுக்கு அது விளம்பரம்.

மூன்று பெயர், ஒரே குழப்பம்

சாட்டா எஸ்எஸ்டி இரண்டரை அங்குலப் பெட்டி. பழைய ஹார்ட் டிஸ்க்கின் அதே கேபிளில் மாட்டலாம், உச்ச வேகம் நொடிக்குச் சுமார் 550 எம்பி. என்விஎம்இ என்பது பிசிஐஇ பாதை வழியாக கணினியோடு பேசும் முறை; 2011-ல் வெளியான தரநிலை. எம்.2 என்பது வெறும் வடிவம், சூயிங்கம் பட்டை போல 22 மி.மீ. அகலம், பெரும்பாலும் 80 மி.மீ. நீளம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: எம்.2 வடிவத்திலேயே சாட்டா எஸ்எஸ்டியும் வருகிறது. பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒன்றுக்கான ஸ்லாட்டில் மற்றொன்று வேலை செய்யாமல் போகலாம். பட்டியலில் எம்.2 என்று மட்டும் போட்டிருந்தால் அதை நம்பி வாங்காதீங்க. என்விஎம்இ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் போர்டுக்கு என்ன வயசு?

ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறங்கள். பேஸ்போர்ட் பிராடக்ட் என்ற வரியில் மதர்போர்டின் மாடல் இருக்கும். பயாஸ் மோட் என்ற வரியில் லெகசியா, யுஇஎஃப்ஐயா என்பதும் தெரியும். இரண்டையும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்திய வீடுகளிலும் சின்ன அலுவலகங்களிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் இன்டெல் போர்டுகளில் எச்61, எச்81, எச்110 சிப்செட்கள் ரொம்ப சகஜம். 2011-ல் வந்த எச்61 சிப்செட்டில் சாட்டா 2 மட்டுமே உண்டு. 550 எம்பி எஸ்எஸ்டியை மாட்டினாலும் 280-க்குப் பக்கத்தில் நின்றுவிடும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம், சின்ன ஃபைல்களைப் படிக்கும் வேகம் இதனால் பெரிதாகக் குறையாது. 2013-ல் வந்த எச்81-ல் நான்கு சாட்டா இணைப்புகளில் இரண்டு வேகமானவை. பெரும்பாலும் அவற்றின் நிறமே வேறாக இருக்கும், எஸ்எஸ்டியை அதில் மாட்டுங்கள். இந்த இரண்டு தலைமுறையிலும் என்விஎம்இ-யிலிருந்து பூட் ஆவது பொதுவாக நடக்காது. அதைப் படிக்கத் தேவையான பகுதி பயாஸில் இல்லை.

2015-க்குப் பிந்தைய எச்110, பி150 போன்றவற்றில் நிலைமை மாறுகிறது. பயாஸ் பொதுவாக என்விஎம்இ-யை அறியும். சில எச்110 போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டே இருக்கும், பலவற்றில் இருக்காது. 2017-ல் வந்த ஏஎம்டி ரைசன் போர்டுகளில் பெரும்பாலும் உண்டு.

அடாப்டர் கார்டு வழி

எம்.2 ஸ்லாட் இல்லாத போர்டில் என்விஎம்இ போட, பிசிஐஇ அடாப்டர் கார்டு கிடைக்கிறது. விலை அதிகமில்லை. ஆனால் எந்த ஸ்லாட்டில் செருகுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பழைய போர்டில் உள்ள குட்டி எக்ஸ்1 ஸ்லாட் பிசிஐஇ 2.0 வகை; நடைமுறையில் 400 எம்பி அளவுதான் தரும். சாட்டா 3-ஐவிட அது குறைவு. கிராஃபிக்ஸ் கார்டு போடாமல் நீளமான எக்ஸ்16 ஸ்லாட் சும்மா இருந்தால் அதில் செருகுங்கள். அங்கே பிசிஐஇ 2.0 ஆக இருந்தாலும் 1,500 எம்பிக்கு மேல் எதிர்பார்க்கலாம்.

விண்டோஸ் 10 அதை உடனே ஒரு கூடுதல் டிரைவாகக் காட்டும். விண்டோஸ் 7-ல் அதற்கான டிரைவர் இயல்பாகவே கிடையாது. டேட்டா வைக்க மட்டும் என்றால் வேலை முடிந்தது. பூட்டும் அதிலிருந்தே ஆக வேண்டும் என்றால், க்ளோவர் போன்ற பூட்லோடரை ஒரு பென் டிரைவில் போட்டு எப்போதும் செருகி வைக்கும் வழி ஒன்று உண்டு. பயாஸ் ஃபைலையே மாற்றி எழுதும் வழியும் உண்டு. அதில் தவறான ஃபைல் ஏறினால் போர்டு செத்துப்போகும். ஒரு வீட்டுக் கணினிக்கு அந்த ரிஸ்க் தேவையில்லை என்பேன். சாட்டா எஸ்எஸ்டியில் விண்டோஸ், தேவைப்பட்டால் மட்டும் என்விஎம்இ-யில் வேலை ஃபைல்கள் என்று பிரித்துக்கொண்டால் தலைவலி இல்லை.

மாட்டும் நாள்

முதல் வேலை பேக்கப். அப்பாவின் கணக்கு ஃபைல், ஸ்கேன் செய்த பத்திரம், பத்து வருட போட்டோ எல்லாம் அந்த ஒரே ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கும். வயதான டிஸ்க்கை முழுதாகப் படிக்கவைக்கும்போதே அது கைவிடலாம். அதனால் குளோன் செய்வதற்கு முன்பே முக்கியமானவற்றைத் தனியாக வேறு இடத்தில் எடுத்து வையுங்கள்.

பிறகு பயாஸில் சாட்டா மோட் ஏஎச்சிஐ-யில் இருக்கிறதா என்று பாருங்கள். ஐடிஇ-யில் இருந்தால், விண்டோஸை சேஃப் மோடில் திறக்கும்படி அமைத்துவிட்டு மாற்றுங்கள். அப்படியே மாற்றினால் நீலத்திரைதான் வரும். பழைய விண்டோஸை அப்படியே நகல் எடுக்க குளோனிங் மென்பொருள் உண்டு. சில எஸ்எஸ்டி நிறுவனங்களே இலவசமாகத் தருகின்றன. பல வருட குப்பை சேர்ந்த கணினி என்றால் புதிதாகவே இன்ஸ்டால் செய்துவிடலாம்.

புதிதாக இன்ஸ்டால் செய்யும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் தன் பூட் பகுதியைப் பழைய டிஸ்க்கிலேயே எழுதிவிடும். ஆறு மாதம் கழித்து அந்த டிஸ்க்கைக் கழற்றும்போதுதான், கணினி எழவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

எஸ்எஸ்டி அதிராது, சுற்றாது. கேபினெட்டில் இரண்டரை அங்குல இடம் இல்லாவிட்டாலும் ஒரு ஸ்க்ரூவில் நிறுத்தி வைக்கலாம். போட்ட பிறகு டிஃப்ராக் மென்பொருள் எதையும் ஓட்ட வேண்டாம், தேவையான பராமரிப்பை விண்டோஸே பார்த்துக்கொள்ளும்.

எவ்வளவு செலவு செய்யலாம்?

இதற்கு விண்டோஸைப் பார்த்துதான் பதில் சொல்ல முடியும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்டது. விண்டோஸ் 11, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறை இன்டெல்லுக்கு முந்தையவற்றை ஏற்காது. எஸ்எஸ்டி போட்டாலும் இது மாறாது. இன்டர்நெட்டில் வங்கி வேலை பார்க்கும் கணினி என்றால் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றுக்கு மாறுவதையும் யோசியுங்கள். எஸ்எஸ்டியில் அது அழகாக ஓடும்.

எனவே எச்61 காலத்துப் பெட்டிக்கு 256 அல்லது 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போதும். நாளைக்கு அந்தப் பெட்டியே போனாலும் ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு வெளி டிரைவாக வைத்துக்கொள்ளலாம், காசு வீண் இல்லை. எம்.2 ஸ்லாட் உள்ள போர்டு என்றால் தாராளமாக என்விஎம்இ வாங்குங்கள், ஆனால் பிசிஐஇ 3.0 ரகமே போதும். டெல்லி நேரு பிளேஸோ பெங்களூரு எஸ்.பி. ரோடோ, எங்கே வாங்கினாலும் சீரியல் எண் போட்ட ஜிஎஸ்டி பில் கேளுங்கள். வாரண்டிக்குப் போகும்போது அதுதான் பேசும். நம்ப முடியாத விலையில் 2 டிபி என்று வந்தால் அது போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒரு மாதமாவது தொடாமல் வையுங்கள். எதை எடுக்க மறந்தோம் என்பது அதற்குள் தெரிந்துவிடும். பிறகு எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாக இருந்தால் குவிக் ஃபார்மட் போதாது, அதில் டேட்டா அழிவதில்லை. குவிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுங்கள். 500 ஜிபிக்கு ஓரிரண்டு மணி நேரம் ஆகும்.