விருப்பப் பட்டியலின் கதை



நாள்தோறும் இணையத்தை நாடுவோர் எவ்வகைத் தளங்களை விரும்பிப் படிக்கின்றனர் என்பது இன்று பெருவணிகர் துருவி ஆராயும் பொருளாகிவிட்டது. செய்தி, விளையாட்டு, சமையல், பழைய நூல் என ஒவ்வொருவர் சுவையும் ஒவ்வொரு விதம். அச்சுவையைப் படிப்பவர் தாமே குறித்துவைத்த காலமொன்று இருந்தது. அந்தக் குறிப்புப் பட்டியலின் வரலாற்றையே இன்று எடுத்துக்கொள்கிறேன்.

உலகளாவிய வலை என்னும் அமைப்பை 1989ஆம் ஆண்டில், ஜெனீவா நகரருகேயுள்ள ஐரோப்பிய அணுவாராய்ச்சி நிலையத்தில் முன்மொழிந்தவர் ரிம் பேர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர். ஒரு பக்கத்திலுள்ள சொல்லைத் தொட்டால் பிறிதொரு பக்கம் திறக்கும். ஆயின் முதற் பக்கத்தை எங்ஙனம் கண்டுபிடிப்பது? இதற்கென அவரே பொருள்வாரியான பட்டியலொன்றைத் தொடங்கிவைத்தார். 1993 ஏப்பிரல் 30ஆம் நாள், இத்தொழினுட்பத்தை எவரும் கட்டணமின்றிக் கையாளலாமென அந்நிலையம் அறிவித்தது. அவ்வாண்டே இலினோய் பல்கலைக்கழகத்தில் மொசேக் என்னும் உலாவி பிறந்தது. பிடித்த பக்கத்தின் முகவரியைச் சேமித்துவைக்க அதிலே இடமிருந்தது. பின்வந்த உலாவிகளும் அவ்வசதியைக் கைவிடவில்லை.

1994ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கலிபோர்னியாவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் ஜெரி யாங், டேவிட் பைலோ என்னும் ஆராய்ச்சி மாணவர் இருவர், ஆய்வேட்டை ஒருபுறம் வைத்துவிட்டுத் தமக்குப் பிடித்த தளங்களைக் குறித்துக்கொண்டிருந்தனர். சோம்பலும் சிற்சில வேளைகளில் உலகுக்கு நன்மை செய்யும் போலும்! பட்டியல் நீண்டபோது அதனை வகைகளாகவும், வகைகள் பெருத்தபோது உட்பிரிவுகளாகவும் பகுத்தனர். அது குடியிருந்த கணினிகளுக்கு அக்கெபோனோ, கொனிஷிக்கி என்னும் சூமோ மல்லரின் பெயர்கள் இடப்பட்டிருந்தன. முதலில் அவ்விருவர் பெயரால் வழங்கிய வழிகாட்டியே யாகூ ஆயிற்று. 1995இல் அது நிறுவனமாகியபின், ஸ்ரீநிஜா சிறீனிவாசன் என்னும் அம்மையாரின் தலைமையில் பதிப்பாளர் பலர் அமர்ந்து, தளங்களைத் திறந்து பார்த்து, இது வரலாற்றின்பாற் படுமா சமயத்தின்பாற் படுமா என நூலகர் போல ஆராய்ந்து அடுக்கினர்.

அதே பல்கலைக்கழகத்திலிருந்தே இம்முறைக்கு முடிவும் வந்தது. லாரி பேஜ், சேர்ஜி பிரின் என்போர் 1998இல் கூகிள் நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்கள் கண்ட நுட்பம் யாதெனில், ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டுபவை தாமும் எத்துணை மதிப்புடையன என்று கணக்கிட்டு வரிசைப்படுத்துவதாகும். ஆகவே, ஆயிரமாயிரம் பேர் தத்தம் பக்கங்களில் ஆசையோடு எழுதிவைத்த பட்டியல்களும் அப்பொறிக்கு உணவாயின. பொறி நன்றாகத் தேடித் தரவே, மாந்தர் பட்டியல் எழுதுவதைக் குறைத்துக்கொண்டனர். இதனை முன்னேற்றம் என்று மட்டும் கூறி அமைய என் மனம் இடந்தரவில்லை. தேடுபொறியிடம் நாம் கேட்டதற்கே விடை கிடைக்கும். பிறரது பட்டியலைப் புரட்டும்போதோ, கேட்கத் தோன்றாததும் கண்ணிற் படும். யாகூவும் 2000ஆம் ஆண்டில் கூகிளின் தேடலையே வாங்கிப் பயன்படுத்தலாயிற்று. அதன் அடைவு 2014 இறுதியில் மூடப்பட்டது. தொண்டர்கள் தொகுத்துவந்த டீமோஸ் என்னும் பேரடைவு 2017இல் மறைந்தது.

தமிழ் வாசகருக்குப் பட்டியலின் தேவை இன்னும் மிகுதியாய் இருந்தது. தொண்ணூறுகளில் தமிழ்த் தளங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் எழுத்துருவைக் கையாண்டன. உரிய எழுத்துருவைக் கணினியில் இறக்கி வைக்காதவருக்கு, தமிழுக்குப் பதிலாக உரோமன் எழுத்துகளின் குப்பையே திரையில் தெரியும். ஓர் எழுத்துருவில் இட்ட சொல்லைக் கொண்டு மற்றோர் எழுத்துருவில் அமைந்த பக்கத்தைத் தேடிப் பிடித்தல் இயலாது. ஆதலால் நண்பர் சொல்லும் முகவரியும், ஒரு தளம் மற்றொன்றுக்கு இடும் இணைப்புமே வழித்துணை. 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் இலக்கிய மின்னூல்களை முதலில் தனி எழுத்துருக்களிலேயே வெளியிட்டது. ஒருங்குறி பரவிய பின்னரே இத்தடை நீங்கியது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிற் பேணும் 'நூலகம்' 2005இல் தோன்றியது. அதிலே பொருள்வாரியான வகைப்பாடுகளைப் புரட்டி உலவும் பழைய பழக்கத்துக்கு இன்றும் இடமுண்டு.

புரூஸ்டர் கேல் 1996இல் அமெரிக்காவில் நிறுவிய இணைய ஆவணக் காப்பகத்தில், யாகூவின் அக்காலப் பக்கங்கள் கிடைக்கின்றன. கலை, கல்வி, அரசு, நலவாழ்வு என வகைகள் வரிசையாக நிற்கும். உள்ளே சென்று ஒரு பெயரைத் தொட்டுப் பாருங்கள். சில கதவுகள் திறக்கும், பல திறவா.