மனிதநேயவாதம்

கடவுளையோ மறுமையையோ சான்றுக்கு அழைக்காமல், மனிதரின் அறிவையும் பரிவையும் மட்டும் துணைகொண்டு அறவாழ்வு வாழ முடியும் என்று கருதும் தத்துவ நிலை. 'மனிதநேயம்' என்ற சொல்லைக் கேட்டதும் தமிழருக்குப் பசித்தவனுக்குச் சோறிடுவதும், சாலையில் அடிபட்டுக் கிடப்பவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்புவதும்தான் நினைவுக்கு வரும். அந்த ஈரம் கோயிலுக்குப் போகிறவரிடமும் உண்டு, போகாதவரிடமும் உண்டு. இக்கட்டுரை சொல்லும் பொருள் அதுவன்று. குழப்பம் வேண்டாம் என்று 'மானுடவாதம்' என எழுதுவோரும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பேச்சு வழக்கில் இதற்கு மிக அருகில் நிற்கும் சொல் 'பகுத்தறிவு'.

நாத்திகமும் இதுவும் ஒன்றல்ல. நாத்திகம் ஒரே கேள்விக்குச் சொல்லும் விடை. 'இல்லை' என்றதும் பேச்சு முடிந்துவிடும். மனிதநேயவாதிக்குப் பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. நீதிமன்றக் கூண்டில் யார்மேல் ஆணையிடுவது? கல்யாணத்தை யார் நடத்திவைப்பது? இழவு வீட்டில் என்ன சொல்வது? இந்தத் தத்துவத்தின் வரலாற்றை நூல்களில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதி வழக்குக் கட்டுகளிலும் மணமேடைகளிலும் இருக்கிறது.

சொல்லின் கதை

பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் இலக்கணம், சொற்கலை, வரலாறு, கவிதை, அறவியல் ஆகியவற்றைக் கற்பித்த ஆசிரியரை மாணவர்கள் 'உமனிஸ்தா' என்றார்கள். அந்த ஆசிரியர்களில் பெரும்பாலோர் பக்தியுள்ள கிறிஸ்தவர்கள். அவர்கள் மரபில் வந்த எராஸ்மஸ் 1516இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் பதிப்பித்தவர். ஒரு கொள்கையின் பெயராக 'ஹியூமனிசம்' என்ற சொல்லை 1808இல் எழுதியவர் பவேரியக் கல்வியாளர் நீதாமர். அவர் கவலையும் மதத்தைப் பற்றியது அன்று; பள்ளிகளில் தொல்மொழி இலக்கியம் கற்பிப்பதா, தொழிலுக்கு உதவும் பாடம் கற்பிப்பதா என்ற சண்டையில் முதல் கட்சிக்கு அவர் இட்ட பெயர் அது.

புத்தர், சார்வாகர், கன்பூசியஸ் என்று முன்னோர் பட்டியல் ஒன்றைத் தயாரிப்பது இத்துறை நூல்களின் வழக்கம். மணிமேகலையில் சமயக் கணக்கர்களோடு பேச வரும் பூதவாதியை அதில் சேர்க்கலாம். கடவுள் வாழ்த்தில் தொடங்கும் திருக்குறளையும் சேர்ப்பது மிகை.

மதத்தை விட்டவர்களுக்கு மதத்தைப் போலவே ஒன்றைக் கட்டிக்கொடுக்க முயன்றவர் பிரெஞ்சுத் தத்துவவாதி ஒகஸ்ட் காம்ட். அவருடைய 'மானுட மத'த்துக்குக் கோயில் உண்டு, குருமார் உண்டு, 28 நாள் கொண்ட 13 மாதங்களாலான பஞ்சாங்கமும் உண்டு. பிரான்சில் அது பெரிதாக வேர்பிடிக்கவில்லை. ஆனால் பிரேசில் நாட்டுக் கொடியில் இன்றும் இருக்கும் 'ஒழுங்கும் முன்னேற்றமும்' என்ற வாசகம் காம்ட் வழியில் வந்தது.

ஆணையும் உறுதிமொழியும்

இங்கிலாந்தில் இக்கொள்கை தொழிலாளர்களிடையே வளர்ந்தது. பர்மிங்காம் வார்ப்படப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக், கடவுளைப் பற்றிக் கூட்டத்தில் சொன்ன ஒரு பதிலுக்காக 1842இல் ஆறு மாதம் சிறையிருந்தார். 'செக்யுலரிசம்' என்ற சொல்லை 1851இல் உருவாக்கியவர் அவரே. 1866இல் தேசிய செக்யுலர் சங்கத்தைத் தொடங்கிய சார்லஸ் பிராட்லா இதை நாடாளுமன்ற வாசல்வரை கொண்டுபோனார்.

1880இல் நார்தாம்ப்டன் தொகுதியில் வென்ற பிராட்லா, கடவுள் பெயரால் ஆணையிடுவதற்குப் பதிலாக உறுதிமொழி கூற அனுமதி கேட்டார். மறுத்தார்கள். சரி, ஆணையே இடுகிறேன் என்றார். நம்பாதவன் இடும் ஆணைக்குப் பொருளில்லை என்று அதற்கும் தடை போட்டார்கள். அவையை விட்டு வெளியேற மறுத்தபோது மணிக்கூண்டுக் கோபுர அறையில் அடைத்தார்கள். இருக்கை பறிபோனதும் 1881, 1882, 1884 என்று மூன்று இடைத்தேர்தல்கள் நடந்தன. மூன்றிலும் அதே தொகுதி மக்கள் அவரையே அனுப்பினார்கள். 1886இல்தான் அமர முடிந்தது. அமர்ந்தவர் சும்மா இருக்கவில்லை. விரும்பியவர் எவரும் ஆணைக்குப் பதில் உறுதிமொழி கூறலாம் என்ற 1888ஆம் ஆண்டுச் சட்டத்தை அவரே முன்னின்று நிறைவேற்றவைத்தார். தமிழ்நாட்டு அமைச்சர் ஒருவர் இன்று 'உளமார உறுதி கூறுகிறேன்' என்று பதவியேற்க இடம் தருவது நம் அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணை. அந்தத் தேர்வுரிமைக்குப் பின்னால் பிராட்லாவின் ஆறு ஆண்டுப் போராட்டமும் இருக்கிறது.

பிராட்லா 1889இல் பம்பாய் காங்கிரசுக்கு வந்தார். இந்தியாவின் குறைகளை விடாமல் பேசியதால் 'இந்தியாவுக்கான உறுப்பினர்' என்று பெயர் பெற்றார். 1891இல் அவர் இறந்தபோது, லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தி அடக்கத்துக்குப் போயிருந்தார்.

பிராட்லாவின் சங்கத்தின் எதிரொலி சென்னையிலும் கேட்டது. 1878இல் தொடங்கிய சென்னை லௌகிக சங்கம் 'தத்துவ விவேசினி' என்ற தமிழ் இதழையும் 'தி திங்க்கர்' என்ற ஆங்கில இதழையும் நடத்தியது. இந்த வட்டத்தைச் சேர்ந்த அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகரின் 'இந்துமத ஆசார ஆபாச தரிசினி' 1882இல் வெளிவந்தது. பிராட்லாவோடு தோளோடு தோள் நின்று 1877இல் கருத்தடை நூல் வழக்கைச் சந்தித்த அன்னி பெசன்ட், பின்னர் பிரம்மஞான சபைக்கு மாறி, 1907இல் அடையாற்றில் அச்சபையின் தலைவரானார். சென்னைக்கு அவரைக் கொண்டுவந்தது பகுத்தறிவு அன்று என்பது இவ்வரலாற்றின் சிறு விகடம்.

மணமேடை

தமிழர் இக்கொள்கைக்கு அளித்த மிகப் பெரிய பங்கு ஒரு திருமண முறை. 1925இல் 'குடிஅரசு' இதழைத் தொடங்கிய பெரியார், 1928 மே மாதம் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் புரோகிதரும் மந்திரமும் இல்லாத மணத்தை நடத்திவைத்தார். சுயமரியாதை இயக்கத்தார் இதை 'வாழ்க்கைத் துணைநல ஒப்பந்தம்' என்றார்கள். ஓமகுண்டம் இருந்த இடத்தில் ஒலிபெருக்கி வந்தது. மணமக்கள் உறுதிமொழி கூற, தலைவர்கள் சாதியையும் பெண்ணடிமையையும் பற்றி மணிக்கணக்கில் பேசினார்கள். பந்திக்குக் காத்திருந்தவர்கள் பொறுமைசாலிகள்.

சட்டம் இதை மணமென்று ஏற்கவில்லை. 1934இல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாத்திரச் சடங்கு இல்லை, நெடுங்கால வழக்கம் என்று சொல்லவும் வயது போதாது என்பது அதன் சாரம். இந்தத் தீர்ப்பால் ஆயிரக்கணக்கான மனைவியரின் சொத்துரிமையும் பிள்ளைகளின் வாரிசு உரிமையும் அந்தரத்தில் தொங்கின. அண்ணா முதலமைச்சரானதும் 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. உற்றார், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகத் தமக்குப் புரியும் மொழியில் சொல்லி, மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும். முன்பு நடந்த மணங்களும் செல்லும். இப்பிரிவின்படி வழக்குரைஞர் அறையில் நடக்கும் மணமும் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் கூறியது.

ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. 7ஏ இருப்பது இந்து திருமணச் சட்டத்துக்குள். மந்திரத்தை மறுக்கும் மணமக்கள் இருவரும் சட்டத்தின் கண்ணில் இந்துக்களாக இருந்தாக வேண்டும். இந்துக் குடும்பத்து நாத்திகரும் முஸ்லிம் குடும்பத்து நாத்திகரும் மணக்க விரும்பினால் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் முப்பது நாள் அறிவிப்பு ஒட்டிக் காத்திருக்க வேண்டும். சொந்தங்கள் தேடி வந்து மிரட்ட அவ்வளவு நாள் தாராளம்.

ஆந்திரத்தில் இதே கேள்வி வேறு வழியில் வந்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவரும், 1940இல் நாத்திக மையத்தைத் தொடங்கியவருமான கோரா, தம் மகளை ஒடுக்கப்பட்ட சாதி இளைஞருக்கு மணமுடிக்க முடிவுசெய்தார். சேவாகிராமத்தில் தாமே நடத்திவைப்பதாகக் காந்தி ஒப்புக்கொண்டார். நாத்திகரை மதித்து, உறுதிமொழியில் 'கடவுள்' வரும் இடத்தில் 'உண்மை' என்று சொல்லவும் இசைந்தார். அதற்குள் அவர் சுடப்பட்டார். 1948 மார்ச்சில் மணம் அங்கேயே நடந்தது.

ஆம்ஸ்டர்டாமுக்குப் பின்

1933இல் அமெரிக்காவில் வெளியான முதல் மனிதநேய அறிக்கையில் 34 பேர் கையெழுத்திட்டனர். தத்துவவாதி ஜான் டூயி ஒருவர். யூனிட்டேரியன் போதகர்கள் பலர். அதனால் அவ்வறிக்கை தன்னை ஒரு புதிய சமயமாகவே காட்டிக்கொண்டது. போருக்குப் பிறகு அந்தச் சாயல் வெளுத்தது. 1952இல் உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லியின் தலைமையில் ஆம்ஸ்டர்டாமில் கூடிய மாநாட்டில் சர்வதேச மனிதநேய, அறநெறி ஒன்றியம் பிறந்தது. அறிவியலை அழிவுக்குப் பயன்படுத்தாமை, தனிமனித உரிமையோடு சமூகப் பொறுப்பு ஆகியவை அதன் முதல் பிரகடனத்தில் இடம்பெற்றன; 2002, 2022 ஆகிய ஆண்டுகளில் பிரகடனம் திருத்தி எழுதப்பட்டது.

இந்த ஒன்றியத்தைத் தோற்றுவித்த அமைப்புகளில் ஒன்று இந்தியாவினுடையது. மெக்சிகோவிலும் தாஷ்கண்டிலும் கம்யூனிஸ்டுக் கட்சிகளைத் தொடங்கி, 1929இல் கம்யூனிஸ்ட் அகிலத்திலிருந்து விலக்கப்பட்டவரும் அந்த இந்திய அமைப்பின் நிறுவனருமான எம். என். ராய், தனிமனிதரை மறக்கும் எந்தப் புரட்சியும் புதிய அடிமைத்தனமே என்ற முடிவுக்கு வந்தார். 1948இல் தம் கட்சியையே கலைத்தார்; அரசியலில் இதைச் செய்தவர்கள் அரிது. அவர் வழிவந்த வி. எம். தார்குண்டே, நெருக்கடி நிலைக்கு எதிராக 1976இல் ஜெயப்பிரகாஷ் நாராயணனோடு சேர்ந்து குடிமை உரிமை இயக்கத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு, அதே நெருக்கடி நிலையில் நிறைவேறிய 42ஆம் திருத்தம், அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் வளர்ப்பதைக் குடிமக்களின் கடமையாக அரசியலமைப்பில் எழுதியது.

ஐரோப்பாவில் இக்கொள்கை அன்றாடச் சேவையாகிவிட்டது. நெதர்லாந்துப் படைகளிலும் சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் பாதிரியாருக்கு நிகராக மனிதநேய ஆலோசகர்கள் பணிபுரிகிறார்கள். நார்வேயில் 1951 முதல் பதின்வயதினருக்குத் தேவாலயச் சடங்குக்கு மாற்றாக ஒரு விழா நடக்கிறது. அந்நாட்டுச் சங்கத்தில் லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்கள். ஸ்காட்லாந்தில் 2005 முதல் மனிதநேய மணங்கள் சட்டப்படி செல்லும்.

மற்ற இடங்களில் நிலைமை வேறு. மூடநம்பிக்கைக்கு எதிராகச் சட்டம் கேட்டுவந்த நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்டில் புனேயில் நடைப்பயிற்சியின்போது சுடப்பட்டார். அச்சட்டம் அவர் செத்த பிறகே வந்தது. எழுத்தாளர் அவிஜித் ராய் 2015இல் டாக்காவில் வெட்டிக் கொல்லப்பட்டார். நைஜீரிய மனிதநேயச் சங்கத் தலைவர் முபாரக் பாலா முகநூல் பதிவுகளுக்காக 2020 முதல் பல ஆண்டுகள் சிறையில் இருந்தார்.

இத்தத்துவத்தின்மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டுகளில் கனமானது, அது 'மனிதன்' என்று சொன்னபோது ஐரோப்பிய ஆணையே மனத்தில் வைத்திருந்தது என்பது. அதில் நியாயம் உண்டு. மனிதனை நடுவில் நிறுத்தியதால் விலங்கும் காடும் ஓரம்போயின என்பது அடுத்தது. சடங்கைக் கைவிட்டவர்களுக்குத் துக்கத்தைத் தாங்க அது என்ன தருகிறது என்ற கேள்வியும் இருக்கிறது.

அந்தக் கடைசிக் கேள்விக்கு இலங்கையில் ஒருவர் தம் வழியில் பதில் வைத்தார். திருவல்லாவில் மார்த்தோமா பாதிரியாரின் மகனாகப் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்து, பின்னாளில் இலங்கைப் பகுத்தறிவுச் சங்கத்தை நடத்திய ஆபிரகாம் கோவூர், கோராவைப் போலவே தாவரவியல் கற்பித்தவர். அற்புதம் நிகழ்த்திக் காட்டுவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அறைகூவினார். பரிசை யாரும் வாங்கவில்லை. 1978 செப்டம்பரில் அவர் இறந்தபோது அடக்கமும் இல்லை, தகனமும் இல்லை. கண்கள் தானமாகப் போயின; உடல் மருத்துவ மாணவர்களுக்குப் போனது. எலும்புக்கூடு, அவர் ஓய்வுபெறும்வரை பாடம் நடத்திய கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியின் அறிவியல் கூடத்துக்கு என்று உயிலில் எழுதியிருந்தார்.