கரியமில வாயு

பழைய தமிழ் ரசாயன நூல் கையில் சிக்கினால் நான் முதலில் தேடுவது வாயுக்களின் பெயர்களைத்தான். இன்று 'கார்பன் டை ஆக்சைடு' என்று விறைத்து நிற்பது அங்கே 'கரியமில வாயு'. கரி எரிந்து வருவது, நீரில் கரைந்தால் புளிப்பது, காற்றாய் இருப்பது: பெயரிலேயே பாதிப் பாடம் முடிந்துவிடுகிறது.

நடுவிலுள்ள 'அமிலம்' பிரெஞ்சுச் சரக்கு. லவாய்சியேயும் கூட்டாளிகளும் 1787இல் ரசாயனப் பெயர்களை ஒழுங்குபடுத்தியபோது இந்த வாயுவுக்குக் 'கார்பானிக் அமிலம்' என்று பெயரிட்டார்கள். எல்லா அமிலங்களுக்கும் மூலம் ஆக்சிஜன் என்பது லவாய்சியேயின் கணக்கு. 'ஆக்சிஜன்' என்றாலே அமிலம் பிறப்பிப்பது என்றுதான் பொருள். குளோரின் ஒரு தனிமம், உப்பமிலத்தில் ஆக்சிஜனே இல்லை என்று 1810இல் ஹம்ப்ரி டேவி காட்டியதும் கணக்கு உடைந்தது. பெயர் உடையவில்லை. 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்கு மெழுகுவத்தியைப் பற்றிப் பேசிய பாரடேயும் 'கார்பானிக் அமிலம்' என்றே சொன்னார்.

ஆக்சிஜன் விஷயத்தில் தமிழ் தப்பித்தது. பிராணவாயு தச வாயுக்களில் ஒன்று. சித்த மருத்துவத்தில் உடம்புக்குள் ஓடிக்கொண்டிருந்தது, ரசாயன நூலில் குடுவைக்குள் இறங்கியது. ஜெர்மானியர்கள் இன்னமும் 'புளிப்புப் பொருள்' என்றே சொல்கிறார்கள், பாவம்.

பிறகு தனித்தமிழ் அன்பர்கள் பிராணவாயுவை உயிர்வளி ஆக்கினார்கள். சொற்களுக்காகத் திருநெல்வேலி பட்ட பாடு கொஞ்சமல்ல. இ.மு. சுப்பிரமணிய பிள்ளை 1934இல் இங்கே தொடங்கிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் கலைச்சொற்களைத் தொகுத்து நூலாகவே வெளியிட்டது. ஆற்றின் கீழ்ப்பக்கம் பெருங்குளத்தில் பிறந்த வழக்கறிஞர் பெ.நா. அப்புசாமியோ 1917 முதலே அறிவியலைக் கட்டுரைகளாக எழுதிவந்தார். எனக்கு அப்புசாமியின் வழிதான் பிடிக்கும். பட்டியலில் கிடக்கும் சொல்லுக்கு வாக்கியத்தில்தான் உயிர் வருகிறது.

கரியமில வாயுவுக்கு இரண்டு தயவும் தேவைப்படவில்லை. தவறான கொள்கையில் பிறந்த பெயர்தான், ஆனாலும் பொய்யில்லை. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை நீரில் கரைத்துத் தெளியவைத்து, தெளிவை மட்டும் இறுத்து, குழல் வழியே ஊதுங்கள் (உறிஞ்சிவிடாதீர்கள்). மூச்சிலுள்ள வாயு பட்டுத் தண்ணீர் பாலாய் வெளுக்கும். பலரும் அத்தோடு நிறுத்திவிடுவார்கள். விடாமல் ஊதினால் மெல்ல மறுபடி தெளியும்: மிகுந்துபோன வாயு நீரில் அமிலமாகி, தான் உண்டாக்கிய வெள்ளைப் படிவைத் தானே கரைத்துவிடுகிறது.