அளிப்புரிமை

காப்பிலெஃப்ட் என்றும் வழங்கப்படும் அளிப்புரிமை, ஒரு மென்பொருளைப் பயன்படுத்தவும், மூலநிரலைப் படித்துத் திருத்தவும், பிறருக்கு வழங்கவும் எல்லோருக்கும் இடம்தரும் உரிம முறை. வழங்குபவர், பெறுபவருக்கும் அதே உரிமைகளை மூலநிரலோடு தர வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. விலைக்கு விற்கத் தடையில்லை. திருத்தியதை வெளியே தராமல் தமக்குள் வைத்துக்கொள்பவர் எதையும் வெளியிட வேண்டியதில்லை. பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. பதிப்புரிமைச் சட்டத்தின் பலத்தில்தான் அளிப்புரிமை நிற்கிறது: நிபந்தனையை மீறியவருக்கு நகலெடுத்து வழங்கும் அனுமதியே இல்லாமல் போகிறது.

எம்.ஐ.டி.யில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்தார். அவருடைய ஈமாக்ஸ் உரைத்தொகுப்பியில் ஜேம்ஸ் காஸ்லிங் எழுதிய நிரலின் சில பகுதிகள் இருந்தன. அதுவரை தடையின்றிப் புழங்கிய அந்த நிரலின் விற்பனை உரிமை யூனிபிரஸ் நிறுவனத்திடம் போனதும் அந்நிறுவனத்திடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. ஸ்டால்மன் அப்பகுதிகளை நீக்கிப் புதிதாக எழுதினார். திறந்து கிடப்பதை யாரும் பூட்டிவிடலாம் என்பது அப்போதே தெளிவாயிற்று. ஈமாக்ஸுக்கென எழுதப்பட்ட உரிமம், 1989-இல் எந்த மென்பொருளுக்கும் பொருந்தும் குனு பொதுமக்கள் உரிமமாக விரிந்தது. இரண்டாம் பதிப்பு 1991-இல் வந்தது; மறு ஆண்டு லினக்ஸ் என்னும் இயங்குதளக் கரு அதை ஏற்றது.

நெக்ஸ்ட் நிறுவனம் குனுவின் ஜி.சி.சி. நிரல்பெயர்ப்பியோடு இணைத்த, அப்ஜெக்டிவ்-சி மொழிக்கான பகுதியை மூடிவைக்க முயன்றது. உரிமம் இடம்தராததால் வெளியிட்டது. லிங்க்சிஸ் திசைவியில் லினக்ஸ் இருப்பதைப் பயனர்கள் கண்டறிந்து வற்புறுத்த, 2003-இல் அதன் மூலநிரல் வெளிவந்தது. திசைவிகளுக்கான ஓப்பன்டபிள்யூஆர்டி இயங்குதளம் அதிலிருந்தே வளர்ந்தது. இரண்டுமே தாராள மனத்தால் கிடைத்தவை அல்ல. 2004-இல் மியூனிக் நீதிமன்றம், சைட்காம் நிறுவனத்துக்கு எதிராக லினக்ஸ் நிரலாளர் ஹரால்ட் வெல்டே தொடுத்த வழக்கில் உரிமம் செல்லும் என்றது.

லினக்ஸில் இயங்கிய டிவோ என்னும் தொலைக்காட்சிப் பதிவுக்கருவி வேறொரு வழி கண்டது. மூலநிரலைக் கொடுத்தது, திருத்திய நிரலைக் கருவியில் ஓட விடவில்லை. 2007 ஜூனில் வந்த குனு உரிமத்தின் மூன்றாம் பதிப்பு, நுகர்வோர் கருவிகளில் திருத்திய நிரலை நிறுவத் தேவையான தகவலையும் கேட்டது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதை ஏற்காததால் லினக்ஸ் கரு இரண்டாம் பதிப்பிலேயே நிற்கிறது. திருத்திய நிரலைக் கையில் தராமல் இணையச் சேவையாக மட்டும் நடத்துவோரிடமும் மூலநிரல் கேட்கும் அஃபெரோ உரிமத்தின் மூன்றாம் பதிப்பு அதே ஆண்டு நவம்பரில் வந்தது.

மென்பொருளுக்கு வெளியே, கிரியேட்டிவ் காமன்ஸின் 'அதே வழியில் பகிர்தல்' உரிமம் இம்முறையைப் பின்பற்றுகிறது. 2009-இல் விக்கிப்பீடியா அதற்கு மாறியது. தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகளும் அதன்கீழேயே வெளியாகின்றன.