கோபாலபுரம் கள்ளுக்கடைகள்

கோபாலபுரம், கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியுள்ள சிற்றூர். பொள்ளாச்சியிலிருந்து மேற்கே போகும் சாலை இங்கே கேரளத்துக்குள் நுழைந்து கொழிஞ்சாம்பாறை வழியாகப் பாலக்காட்டை எட்டுகிறது. வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் போல இதுவும் சோதனைச்சாவடியால் பெயர் பெற்ற ஊர். பொள்ளாச்சி, கோவை வட்டாரத்தாருக்கு இதை இன்னொரு காரணத்துக்காகவும் தெரியும்: உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லை தாண்டி வந்து, கள்ளோடு கறியும் கிழங்கும் சாப்பிட்டு மதியத்துக்குள் திரும்புவது இப்பகுதியில் நிலைத்துவிட்ட வார இறுதிப் பழக்கம். பெருநகர ஓட்டல்களில் காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக்கி மதுவோடு பரிமாறும் 'பிரஞ்ச்' விருந்துக்கு இணையான ஒன்றைத் தமிழ் மண்ணில் தேடினால், அதற்கு மிக அருகில் இருப்பது இதுதான். நகரத்து விருந்து நாகரிகத்தால் வந்தது. இதை உருவாக்கியவை தென்னை மரமும் இரு மாநிலச் சட்டங்களும்.

இந்த எல்லைக்கோடு பழையது. சித்தூர், கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்த பகுதி. சுற்றிலும் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த சென்னை மாகாணத்தின் மலபாரும் கோயம்புத்தூரும் இருந்தன. 1949-இல் திருவிதாங்கூர்-கொச்சியோடும், 1956-இல் கேரளத்தோடும் அது சேர்ந்தது. கோட்டின் இருபுறமும் தமிழ் பேசுகிறார்கள். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கம் தமிழ்வழிப் பள்ளிகளும் உண்டு. மதுவைப் பொறுத்தவரை மட்டும் இரு பக்கமும் வேறு வேறு வழியில் போயின. சென்னை மாகாணத்தில் 1937-இல் ராஜாஜி அரசு சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் மாகாணம் முழுவதற்கும் வந்தது. கேரள அரசு 1967-இல் மதுவிலக்கை எடுத்துவிட்டது. தமிழ்நாடு 1971-இல் விலக்கைத் தளர்த்தி, இரண்டு மூன்று ஆண்டுகளில் மீண்டும் கடைகளை மூடி, 1981-இல் திறந்து, 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை போட்டது. 2003 முதல் அரசின் டாஸ்மாக் கடைகளே பிராந்தியும் பீரும் விற்கின்றன. கள்ளுக்குப் போட்ட தடை நீடிக்கிறது. பொள்ளாச்சித் தோப்பில் நிற்கும் மரத்தில் பாளை சீவிக் கள் இறக்கினால் வழக்கு. சில கிலோமீட்டர் மேற்கே அதே வேலைக்கு அரசு உரிமம் தருகிறது, சேமநலநிதியும் வைத்திருக்கிறது. ஒரே வட்டாரத்தில், ஒரே மரத்தைக் கையாளும் உழவர்களை இப்படிப் பிரித்து வைத்திருப்பதற்கு நியாயமான விளக்கம் எதுவும் இதுவரை தரப்படவில்லை.

கள்ளுக்கென்று ஒரு கால அட்டவணை உண்டு. விரியாத தென்னம்பாளையை நாரால் இறுக்கிக் கட்டி, சில வாரங்கள் பதமாகத் தட்டிப் பழக்குகிறார்கள். சாறு ஊறத் தொடங்கியதும் நுனியை மெல்லிய வில்லையாகச் சீவி, அது உள்ளே இருக்கும்படி கலயத்தைக் கட்டுகிறார்கள். தொழிலாளி காலை, மதியம், மாலை என்று நாளுக்கு மூன்று முறை மரமேறுவார். காலையிலும் மாலையிலும் கள் இறக்குவார். மதிய ஏற்றம் சீவுவதற்கு மட்டும். ஒரு வேளை தவறினாலும் பாளை வறண்டுவிடும் என்பதால் பண்டிகை நாளிலும் ஓய்வில்லை. சீவும் மரங்களுக்கு மர வரி உண்டு. அடிமரத்தில் பெயின்டால் எண் எழுதியிருப்பார்கள். சாலையில் போகும்போதே எந்தத் தோப்பில் கள் இறங்குகிறது என்று அந்த எண்களைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

கலயத்தில் சொட்டும்போதே காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடுகிறது. அதிகாலையில் இறக்கிய கள் இனிப்பாக, லேசாக நுரைத்து, இளநீரின் வாசனையோடு இருக்கும். உச்சிப்பொழுதுக்குள் இனிப்பு குறைந்து போதை ஏறும். மாலையில் புளிப்பும் காரமும் கூடிவிடும். ஒரு நாள் கடந்தால் காடிதான். கேரளச் சமையலில் கள்ளுக் காடிக்குத் தனி இடம் உண்டு, கள் ஊற்றிப் புளிக்க வைத்த மாவில் கள்ளப்பமும் சுடுகிறார்கள். இனிப்புக் கள் வேண்டியவர் காலையிலேயே வந்தாக வேண்டும். ஞாயிறு காலைக் கூட்டத்துக்கு முதல் காரணம் இது.

மற்ற காரணங்கள் சட்டத்திலிருந்து வருகின்றன. கேரளத்தில் கள்ளுக்கடை காலை 8 மணிக்குத் திறந்து இரவு 8 மணிக்கு மூட வேண்டும். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத்தான் திறக்கிறது. கேரளத்தில் ஒருவர் கையில் ஒன்றரை லிட்டர் கள் வரை வைத்திருக்கலாம். அதையே எல்லைக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தால் தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே வாங்கிப் போய் வீட்டில் வைத்துக் குடிக்க வழியில்லை. அங்கேயே உட்கார்ந்து, அங்கேயே குடித்து, அங்கேயே சாப்பிட வேண்டும். உட்கார்ந்து குடிப்பவருக்குப் பசிக்கும், கடை சமையலறையாக வளரும். கேரளம் முழுக்க 'ஷாப்புக் கறி' என்று பெயர் எடுத்த சமையல் இப்படிப்பட்ட இடங்களில் பிறந்ததுதான்.

கடையைக் கண்டுபிடிப்பது எளிது. கருப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் மலையாளத்தில் 'கள்ளு' என்று மட்டும் பெரிதாக இருக்கும். கீழே உரிம எண். விளம்பரம் கிடையாது. உள்ளே மர பெஞ்சு, நீள மேசை. கள் பாட்டிலிலோ குடத்திலோ வரும், கண்ணாடி டம்ளரில் ஊற்றிக்கொள்ள வேண்டும். அவித்த மரவள்ளிக்கிழங்கும் குடம்புளி போட்ட மீன் குழம்பும் கேரளத்தின் பங்கு; தேங்காய்ப் பல் சேர்த்துக் கருக வறுத்த மாட்டிறைச்சியும் அப்படியே. குடல் வறுவலும் ரத்தப் பொரியலும் கொங்கு நாக்குக்கு நெருக்கமானவை. கள்ளின் இனிப்பையும் புளிப்பையும் தாங்குவதற்காகவே மிளகும் மிளகாயும் தூக்கலாக விழுகின்றன. எல்லைக் கடைகளில் கூட்டம் பெரும்பாலும் ஆண்கள். தெற்கே நிலைமை மாறியிருக்கிறது. எர்ணாகுளம் பக்கம் உதயம்பேரூரின் முல்லப்பந்தல் போன்ற கடைகளுக்குக் குடும்பம் குடும்பமாகச் சாப்பாட்டுக்காகவே வருகிறார்கள்.

பிரஞ்ச் என்ற ஏற்பாட்டை 1895-இல் கை பெரிஞ்சர் என்ற ஆங்கிலேயர் பத்திரிகைக் கட்டுரை ஒன்றில் பரிந்துரைத்தார். சனிக்கிழமை இரவு நெடுநேரம் விழித்திருந்தவர்களுக்கு ஞாயிறு காலை எளிதாக வேண்டும் என்பது அவர் வாதம். இன்று பெங்களூரிலும் சென்னையிலும் நட்சத்திர ஓட்டல்கள் அதை விலை உயர்ந்த விருந்தாக நடத்துகின்றன. கேரளத்தின் பார்கள் இதற்கிடையே பெரிய ஆட்டம் கண்டன: 2014-இல் உம்மன் சாண்டி அரசு ஐந்து நட்சத்திர ஓட்டல்களுக்கு மட்டும் பார் என்று முடிவெடுத்தது, 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது, 2017-இல் அடுத்த அரசு தளர்த்தியது. இந்தக் கொள்கை மாற்றங்கள் கள்ளுக்கடைகளை மூடவில்லை. 1996-இல் ஏ.கே. அந்தோணி அரசு சாராயத்தைத் தடை செய்தபோதும் கள்ளைத் தொடவில்லை.

கலப்படத்தைச் சொல்லாமல் இந்தப் பழக்கத்தைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. கேரளக் கடைகளுக்குப் போகும் கள்ளில் பெரும்பங்கு சித்தூர் தாலுகாவிலிருந்து விடியும் முன்பே வண்டியேறிப் பல மாவட்டங்களுக்குப் போகிறது. மரம் தரும் அளவும் கடைகள் கேட்கும் அளவும் ஒத்துப்போகாத இடத்தில் ஸ்பிரிட்டும் குளோரல் ஹைட்ரேட்டும் நுழைந்த வழக்குகள் ஏராளம். 2010 செப்டம்பரில் மலப்புரம் மாவட்டத்தில் மெத்தனால் கலந்த கள்ளைக் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தோப்பும் கடையும் பக்கத்தில் இருந்தால் கலப்படத்துக்கு வாய்ப்பு குறைவு என்பது எல்லைக் கடைகளுக்கு வருபவர்களின் நம்பிக்கை. நம்பிக்கை சோதனைக்கு ஈடாகாது. ஆய்வக மாதிரி எடுப்பது ஒவ்வொரு கடையிலும் தவறாமல் நடக்க வேண்டும்.

தமிழர் வாழும் வேறு நாடுகளிலும் கள்ளுக்கடை இருந்தது, எதிர்ப்பும் எழுந்தது. யாழ்ப்பாணத்தில் பனங்கள் விற்கும் இடம் தவறணை. அங்கே கள் விற்பனையைக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்று நடத்துகின்றன. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதி தோட்டத்துக் கள்ளுக்கடைக்கே திரும்பியது. கெடாவின் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளை எதிர்த்து மறியல் செய்ய, 1947-இல் பீடோங்கில் போலீசோடு மோதல் மூண்டது.

சித்தூரில் இந்தத் தொழிலின் பாரம் மரமேறிகள் தலையில் இருக்கிறது. 1969-இல் வந்த கேரளக் கள்ளுத் தொழிலாளர் சேமநலநிதிச் சட்டம் அவர்களுக்கு ஓய்வூதியமும் விபத்து உதவியும் உறுதி செய்தது. ஆனாலும் புதிதாக ஏறிப் பழகும் இளைஞர்கள் குறைவு. எல்லைக்குக் கிழக்கே, 2016-இல் வந்த சுருள் வெள்ளை ஈயும் பரவிவரும் வேர்வாடல் நோயும் பொள்ளாச்சித் தோப்புகளை உலுக்கியிருக்கின்றன. காய் விலை சரியும்போதெல்லாம் உழவர்கள் கள் இறக்க அனுமதி கேட்கிறார்கள். தமிழ்நாடு கள் இயக்கத்தின் செ. நல்லசாமி பல ஆண்டுகளாக இதற்காகப் போராடிவருகிறார். அரசு இதுவரை தந்திருப்பது, புளிக்காமல் பதப்படுத்திய நீரா இறக்க உரிமம்.