புலம்பெயர் என்னும் சொல்லின் செலவு

கருத்தரங்க அழைப்பிதழ் ஒன்று கைக்கு வந்தால் நாளையும் இடத்தையும் பார்ப்பதற்கு முன்பே தலைப்பில் உள்ள சொற்களில் கண் நிற்கும் வழக்கம் உங்களுக்கும் இருக்கும் என்று நம்புகிறேன். திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குச் செல்லும் வழியில், சிறுமலை நிழல் விழும் சமவெளியில், சின்னாளபட்டியை ஒட்டி அமைந்திருக்கிறது காந்திகிராமம். மருத்துவர் சௌந்திரமும் கோ. இராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய நிறுவனம் அது. அங்கே 1956இல் எழுந்த கிராமியக் கல்வி நிலையம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. மேலே கொடைக்கானலில் 1984இல் தோன்றிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகமும் இதே மாவட்டத்தது. இங்கென்றில்லை, தமிழ் வழங்கும் கல்விக்கூடம் எதுவாயினும், இக்காலக் கருத்தரங்கத் தலைப்புகளில் பாலினம், கல்வி, புலம்பெயர்வு ஆகிய மூன்று சொற்களும் மாறிமாறி வந்து அமர்கின்றன. மூன்றில் மிகத் தொலைவு நடந்த சொல் புலம்பெயர்வு. நடந்த வழியில் அது இருமுறை திரும்பியும் நின்றிருக்கிறது.

முதலில் புலத்தைப் பிரித்துப் பார்ப்போம். வயல் என்பது அதன் கண்கூடான பொருள். தெலுங்கில் பொலம், கன்னடத்தில் ஹொல என்று இன்றும் அது உழுநிலமாகவே இருக்கிறது. நம் பக்கத்தில் பெண் கேட்டுப் போகும் வீட்டில் “நெலபொலம் உண்டா?” என்று கேட்கிறபோது நிலத்தோடு ஒட்டிப் பிழைத்திருப்பதும் அந்த உழவர் சொல்தான். ஆனால் தமிழ் அதை வயலோடு விடவில்லை. திசைக்கும் இடத்துக்கும் புலம் என்றது. வள்ளுவர் இறந்த முன்னோரைத் தென்புலத்தார் என்றார். கண்ணும் காதும் மூக்கும் நாவும் மெய்யும் மேய்கிற களங்களுக்கும் அதே பெயர் நின்று, நிலம் நிலன் ஆவது போல ஈற்று மகரம் னகரமாகிப் புலன் ஆயிற்று. அப்புலன் வழியே அறிவதில் தேர்ந்தவர் புலவர், அவரது தேர்ச்சி புலமை. தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசானுக்குக் காட்டப்பட்ட அந்த நூலின் ஆசிரியர் எதைத் தொகுத்தார் என்று சொல்லுமிடத்தில் ‘புலம்’ என்ற சொல்லையே எடுக்கிறது. 1981இல் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது துறைகளைத் தொகுத்துக் கலைப்புலம், சுவடிப்புலம், மொழிப்புலம் என்று பெயரிட்டவர்கள் புதுச்சொல் தேடி அலையவே இல்லை. பாயிரத்துப் புலம் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. ஆகவே ஒரு பல்கலைக்கழகப் புலம் புலம்பெயர்வைப் பற்றி அரங்கு கூட்டும்போது, வயலும் ஊரும் ஐம்பொறியும் கல்வியும் ஒரே சொல்லுக்குள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன.

அடுத்தது பெயர். இதை இடுபெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டா. நாம் பெயர் என்றும் பேர் என்றும் சொல்வதைக் கன்னடத்தார் ஹெசரு என்பார்கள். அது வேறு வேர். இங்கே உள்ளது, இருந்த இடத்தை விட்டு நகர்தலைக் குறிக்கும் வினை. அடி பெயர்த்தல், சுவரில் காரை பெயர்தல் எல்லாம் இதன் வழிவந்தவை. சங்கப் பாடல்கள் வேங்கடத்துக்கு அப்பாலுள்ள நாட்டை மொழிபெயர் தேயம் என்கின்றன. நடந்துகொண்டே இருக்கிறோம், ஓரிடத்தில் காதில் விழும் பேச்சு மாறிவிடுகிறது. அதுவே அந்நாட்டுக்குப் பெயரும் ஆயிற்று. பிற்காலத்தில் நூலை ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோவதும் மொழிபெயர்ப்பு எனப்பட்டது. மொழி பெயர்ந்தாலும் ஆள் பெயர்ந்தாலும் தமிழுக்கு வினை ஒன்றே.

இவ்விரண்டும் கூடிய ‘புலம்பெயர்’ முதலில் நம் கண்ணில் படுவது கடற்கரையில். கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகாலனைப் பாடிய பட்டினப்பாலையில், பல மொழி பேசும் நாடுகளிலிருந்து வந்து காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து வாழ்கிறவர்கள் புலம்பெயர் மாக்கள் எனப்படுகிறார்கள். சிலப்பதிகாரமும் புகாரின் மருவூர்ப்பாக்கத்தைக் காட்டும்போது அதே தொடரை வாங்கிக்கொள்கிறது. சொல்கிறவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். அவர் பட்டினத்துக்காரர், விருந்து ஏற்கிறவர். துறையில் நின்று, மரக்கலத்திலிருந்து இறங்குவோரை நோக்கிச் சொல்கிறார். ஆக, புலம்பெயர்ந்தவர் அன்று நம்மிடம் வந்தவர். அச்சொல்லில் ஏக்கம் இல்லை, இழப்பு இல்லை. துறைமுக நகரம் ஒன்றின் பெருமிதமே இருக்கிறது.

பிறகு பல நூற்றாண்டுகள் அது உரைகளுக்குள்ளேயே உறங்கியது. எழுப்பியவர்கள் ஈழத்தார். இலங்கையில் 1983இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பின் பாரிசிலும் இலண்டனிலும் டொரொண்டோவிலும் போய்த் தங்கியவர்கள் சிற்றிதழ் நடத்தினார்கள், கதையும் கவிதையும் எழுதினார்கள், தங்களைக் குறிக்க ஒரு சொல் தேடி இந்தப் பழஞ்சொல்லை எடுத்துக்கொண்டார்கள். புலம்பெயர் தமிழர், புலம்பெயர் இலக்கியம் என்ற வழக்குகள் அப்படித்தான் நிலைத்தன. எடுத்த கணத்தில் சொல்லின் முகம் திரும்பிவிட்டது. துறையில் நின்று வரவேற்பவன் சொன்னதை, இப்போது கலத்தில் ஏறிப் போனவன் தன் வாயால் சொன்னான். வந்தவரைக் குறித்தது போனவரைக் குறித்தது. பெருமிதம் இருந்த இடத்தில் துயர் வந்து குடியேறியது. ஒலியும் அதற்கு உடன்பட்டது. தொல்காப்பியம் தனிமை என்று பொருள் சொல்லும் ‘புலம்பு’ என்ற உரிச்சொல் வேறு பிறப்பினது; ஆயினும் ‘புலம்பெ’ என்று மகரத்தில் இதழ் மூடி, பகரத்தில் இதழ் திறக்கும் அந்த நொடியில், புலம்பின் ஒலி காதில் விழாமல் போவதில்லை. எழுத்தை ஒலித்துப் பழகிய உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பாலினம் பேசும் அரங்கில் இச்சொல்லிடம் கேட்க இன்னொன்று உண்டு. தொல்காப்பியத்து அகத்திணையியல், தலைவன் பிரிவதற்குரிய வினைகளை ஓதல், பகை, தூது என எண்ணுகிறது; பொருள்வயிற் பிரிவையும் சொல்கிறது. கல்விக்காக ஊர்விட்டுப் போவதற்கு ஓதற்பிரிவு என்று பெயர் வைத்து இலக்கணத்தில் இடமும் கொடுத்த மொழி நம்முடையது. அதே இயல், கடல்வழிச் செலவு மகளிரோடு இல்லை என்றும் வரையறுக்கிறது. வாழ்க்கை அந்த வரையறையைக் கடந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அன்றைய மதுரை, திருச்சிராப்பள்ளி மாவட்டச் சிற்றூர்களிலிருந்து கங்காணிமாரின் பின்னே இலங்கைத் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் போனவர்களில் பெண்கள் திரளாக இருந்தார்கள். தேயிலைக் கொழுந்து அவர்கள் விரலால்தான் கூடைக்கு வந்தது. ஆனால் புலம்பெயர்ந்தோர் என்று பலர்பாலில் சொல்லிவிட்டால் அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. பலர்பால் ஆணையும் பெண்ணையும் ஒக்க வைப்பது. அது அதன் அழகு. அதே அழகு சில இடங்களில் பெண்ணை மறைத்துவிடுகிறது. ஆகவே புலம்பெயர்ந்தாள் என்று பெண்பாலில் தனித்துச் சொல்லி ஆராய்வது, இலக்கணத்தை மீறுவதாகாது. ஐம்பாலில் ஒன்றை அதன் இடத்தில் எடுத்தாள்வதே ஆகும்.

புலம்பெயர்வா, புலப்பெயர்வா என்று தலைப்பு எழுதுகிறவர்கள் தடுமாறுவதுண்டு. இரண்டும் சரியே. மரங்கொத்தியில் மகரம் கெடாமல் இனமெல்லெழுத்தாய் நிற்பது போலப் புலம்பெயரில் நிற்கிறது, ஏனெனில் அங்கே பின்வருவது வினை. மரப்பெட்டியில் மகரம் கெட்டு வல்லினம் மிகுவது போலப் புலப்பெயர்வில் மிகுகிறது, ஏனெனில் அங்கே இரண்டும் பெயர். என் காதுக்கு முன்னதே இனிது.

2020இல் ஊரடங்கின்போது நாளிதழ்கள் ‘புலம்பெயர் தொழிலாளர்’ என்று நாள்தோறும் அச்சிட்டன. சொல் மறுபடியும் திரும்பியது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் நம் பக்கத்து நூற்பாலைகளுக்கு வந்து நூல் நூற்கிறவர்களைக் குறிக்க அது வந்தபோது, சொல்கிறவர் மறுபடி துறையில் நிற்கும் பட்டினத்துக்காரர் ஆனார். வேடசந்தூர்ப் பக்கம் ஆலைவாசலில் கேட்கும் ஒடியாவும் இந்தியும், இச்சமவெளி நெசவாளர் வீடுகளில் தலைமுறைகளாக ஒலிக்கும் கன்னடத்துக்கும் சௌராட்டிரத்துக்கும் அடுத்த வரிசையில் வந்து சேர்ந்தவை. புகாரின் பழைய பொருள் திண்டுக்கல்லில் உயிர்பெற்றிருக்கிறது. உருத்திரங்கண்ணனார் சொல்லில் இருந்த கலந்து வாழ்தலும் உடன் வந்ததா என்பதைத்தான் கருத்தரங்குகள் ஆராய வேண்டும்.

இரு பொருளும் ஒரே இடத்தில் சந்திப்பதைத் திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்தில் காணலாம். ஊற்று என்பது ஊத்தாகிப் பேச்சிலேயே நிலைத்த அந்தப் பெயர் தனியே இனிமையானது. அங்கே ஈழத்திலிருந்து வந்து முகாமில் வாழ்ந்தவர்களுக்காகக் கட்டிய 321 வீடுகள் 2022 செப்டம்பரில் திறக்கப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டுதான் தமிழ்நாட்டு அரசு ‘இலங்கை அகதிகள் முகாம்’ என்பதை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. அகதி வடசொல், போக்கிடம் அற்றவர் என்பது அதன் உட்பொருள். ஈழத்தார் அதற்கு ஈடாக வழங்கும் ஏதிலி, அயலாரைக் குறித்த பழைய ஏதிலரின் வழிவந்தது. இவை இரண்டும் இல்லாமையைச் சொல்பவை. புலம்பெயர் ஒன்றே நகர்ந்ததை மட்டும் சொல்லி, இல்லை என்ற சொல் இல்லாமல் நிற்கிறது. யாழ்ப்பாணத்துக் கரையிலிருந்து பார்த்தால் தோட்டனூத்துக்காரர் போனவர். திண்டுக்கல்லிலிருந்து பார்த்தால் வந்தவர். சொல் இருவருக்கும் பொருந்துகிறது.

ஆனால் அந்த முகாமில் பிறந்து, அருகில் உள்ள பள்ளியில் படிக்கிற பெண்ணுக்குப் புலம்பெயர்ந்தோர் என்ற சொல் பொருந்தாது. அவள் எந்தப் புலத்திலிருந்தும் பெயர்ந்தவள் அல்லள். அச்சொல்லின் இடையில் நிற்கும் இறந்தகால இடைநிலை அவள் செய்யாத செலவை அவள்மேல் ஏற்றுகிறது. இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்தின் பின் இலங்கை மலையகத்திலிருந்து இங்கே அனுப்பப்பட்டவர்களைத் தாயகம் திரும்பியோர் என்று அழைத்ததிலும் இதே குறை இருந்தது. அவர்களில் பலர் கண்டியிலும் ஹட்டனிலும் பிறந்தவர்கள், திரும்புவதற்கு முன் இந்த மண்ணை மிதித்ததே இல்லை. அதனால் தலைப்பு எழுதுவோரிடம் ஒன்று கேட்கிறேன்: புலம்பெயர்ந்த தமிழர் என்று பெயரெச்சமாக்காமல், பழந்தமிழ் வைத்திருந்தபடியே புலம்பெயர் தமிழர் என்று வினைத்தொகையாக எழுதுங்கள். அதில் காலம் தொக்கு நிற்கிறது. பெயர்ந்தவர், பெயர்கின்றவர், நாளை ஓதற்பிரிவில் கடல் கடக்கப் போகும் அந்தப் பெண் ஆகிய மூவருக்கும் அதில் இடம் இருக்கிறது.