காற்றில் எழுந்த தொழில்

1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் உற்பத்தியைக் குறைத்தபோது பலத்த அடி வாங்கிய நாடுகளில் டென்மார்க்கும் ஒன்று. அதன் எரிசக்தித் தேவையில் சுமார் 90 சதவீதத்தை இறக்குமதி எண்ணெய்தான் பூர்த்தி செய்து வந்தது. விலை ஏறியதும் தொழில்கள் தடுமாறின, வேலையின்மை பெருகியது.

மாற்று வழி தேடியவர்களில் ஜட்லாந்து பகுதியின் கிராமத்துக் கொல்லர்களும் தச்சர்களும் முக்கியமானவர்கள். அங்கே லெம் என்ற சிற்றூரில் விவசாயத் தளவாடங்களும் கிரேன்களும் செய்துவந்த வெஸ்டாஸ் நிறுவனம், 1979-ல் 30 கிலோவாட் காற்றாலைகளை விற்கத் தொடங்கியது. அதே ஆண்டு அரசு, காற்றாலை வாங்குவோருக்கு 30 சதவீத மானியம் கொடுக்க முன்வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை! ரிசோ ஆய்வுக்கூடத்தின் ஒப்புதல் பெற்ற இயந்திரத்துக்கு மட்டுமே மானியம். எனவே தரம் உயர்ந்தது. அக்கம்பக்கத்தார் பங்குதாரர்களாகச் சேர்ந்து காற்றாலை வாங்கினார்கள். வருமானம் ஊருக்குள்ளேயே தங்கியது.

பின்னர் வெஸ்டாஸ் கலிபோர்னியா ஏற்றுமதியைப் பெரிதும் நம்பியது. 1985 முடிவில் அங்கே வரிச்சலுகை நின்றது. மறு ஆண்டே நிறுவனம் திவாலானது! 1987-ல் காற்றாலைத் தொழிலை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் எழுந்தது. டென்மார்க்கின் மானியமும் 1989-ல் முடிந்தது; தொழில் முடியவில்லை.

சலுகை ஒரு தொழிலைத் தொடங்கி வைக்கலாம். அதை நிலைக்க வைப்பது சோதித்துப் பார்த்த தரமும் உள்ளூர் மக்களின் பங்கும்தான்.